‘போல’ வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம்: அவ்வளவுதானா?

ஜூன் 4, மாலை. வாசகர் ஒருவரின் கேள்வி

“பள்ளியில் படித்ததில் நினைவிருப்பது ஒன்றுதான். ‘போல’ வந்தால் உவமை, வராவிட்டால் உருவகம். மற்ற அணிகள் எல்லாம் தேர்வுத் தாளை நிரப்ப வைத்தவை என்றே தோன்றுகிறது. எதுகை, மோனை, படிமம், குறியீடு, உள்ளுறை, இறைச்சி என்று பெயர்களை அடுக்காமல் ஒரு கவிதையை ரசிக்க முடியாதா? பெயர் தெரிந்தால் கூடுதலாக என்ன கிடைத்துவிடும்?”

ஜூன் 4, இரவு

இரண்டாவது பாதியைப் பிறகு பார்க்கிறேன். முதல் பாதி தப்பு.

‘மலர்விழி’ என்ற பெயரில் ‘போல’ இல்லை. ஆனாலும் அது உவமைதான். மலர் போன்ற விழி, உருபு மறைந்திருக்கிறது. உவமைத்தொகை என்று இலக்கண வகுப்பில் சொன்னது இதைத்தான். அதையே ‘விழிமலர்’ என்று திருப்பிப் போட்டால் உருவகம். உவமை முன்னால் வந்தால் உவமைத்தொகை, பொருள் முன்னால் வந்தால் உருவகம் என்று சூத்திரமாகச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்தச் சூத்திரத்தை விட எனக்குப் பிடித்த சோதனை வேறு. அடுத்து வரும் வினையைப் பாருங்கள். ‘மதிமுகம்’ என்றால் வாடும், சிவக்கும், வியர்க்கும். ஏனென்றால் அது முகம். ‘முகமதி’ என்றால் உதிக்கும், தேயும், மேகத்தில் மறையும். ஏனென்றால் அது இப்போது மதி. தமிழில் தொகையின் கடைசிச் சொல்தான் தலை. வினை அதற்குத்தான் கட்டுப்படும்.

‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர்’ என்கிறது குறள். பிறவி முன்னால், கடல் பின்னால், வினை ‘நீந்துவர்’. பிறவியை வாழலாம், கழிக்கலாம், நீந்த முடியாது. கடலாக மாறிவிட்டதால்தான் நீந்த முடிகிறது.

ஜூன் 5

‘போல’ இல்லாத உவமையைக் காட்டியாயிற்று. ‘போல’ இருந்தும் உவமை ஆகாத இடமும் உண்டு.

கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில் மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. இளங்கோவடிகள் எழுதுகிறார்:

போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட

‘வராதே’ என்று கைகாட்டி மறிப்பது போல. உருபு இருக்கிறது. ஆனால் இங்கே கொடியையும் கையையும் ஒப்பிடுவது அல்ல வேலை. கொடி அசைவது காற்றால். அந்த இயல்பான அசைவுக்குக் கவிஞர் தம் மனத்தில் இருக்கும் ஒரு காரணத்தை ஏற்றுகிறார். தன் குறிப்பை ஏற்றுவதால் தற்குறிப்பேற்றம்.

இதே கொடிகளைக் கம்பர் மிதிலையில் பறக்கவிடுகிறார். இராமன் வருகிறான். கொடிகள் என்னும் கைகளை நீட்டி அந்த நகரம் ‘ஐயனை ஒல்லை வாஎன்று அழைப்பது போன்றது அம்மா’. சீக்கிரம் வா என்கிறதாம். ஒரே காற்று, ஒரே துணி. ஒரு நகரம் வராதே என்கிறது, இன்னொன்று ஓடி வா என்கிறது. நடக்கப்போவது கொடிக்கு எங்கே தெரியும்? கதை சொல்பவருக்குத் தெரியும்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த பிறகுதான் இந்த அணியின் பெயர் எனக்குள் ஒட்டியது. அதுவரை ‘இயல்பாக நிகழும் நிகழ்ச்சியின் மீது கவிஞன் தன் குறிப்பை ஏற்றிக் கூறுவது’ என்ற வரியை மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். அணி விளக்கம், சான்று, பொருத்தம் என்று மூன்று பத்தி. பொருத்தம் என்ற பத்தியில் விளக்கத்தையே வேறு சொற்களில் திருப்பி எழுதினால் முழு மதிப்பெண்.

ஜூன் 5, பின்னிரவு

இப்போது கேள்வியின் இரண்டாவது பாதி. பெயர் தெரிந்தால் என்ன கிடைக்கும்?

என் பதில்: கவிதை எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்று தேட ஒரு இடம் கிடைக்கும். அணிகளை அகர வரிசையில் படிக்காமல், எவ்வளவு விட்டுவைக்கிறது என்ற வரிசையில் அடுக்கிப் பாருங்கள்.

எதையும் விடாதது முழு உவமை. ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை.’ நிலம் இருக்கிறது, பொறுப்பவர் இருக்கிறார், ‘போல’ இருக்கிறது, தாங்குவதும் பொறுப்பதும் என்று பொதுத்தன்மையும் இருக்கிறது. வாசகருக்கு வேலை குறைவு.

அடுத்தது எடுத்துக்காட்டு உவமை. ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு.’ இரண்டு வாக்கியங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அவற்றை இணைக்கும் ‘அதுபோல’ வெளியே சொல்லப்படவில்லை. நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஏகதேச உருவகம் இன்னும் கொஞ்சம் விடுகிறது. நேற்றைய பிறவிப் பெருங்கடல் குறளையே எடுங்கள். பிறவி கடல் ஆகிவிட்டது. கடலைக் கடக்க உதவும் இறைவன் அடி என்ன ஆனது? தெப்பமா, தோணியா? வள்ளுவர் சொல்லவில்லை. ஒரு பாதியை உருவகித்து மறுபாதியை விட்டுவிட்டார். விட்ட பாதியை உரைகாரர்கள் நிரப்பினார்கள், நாமும் நிரப்புகிறோம்.

அதற்கும் மேலே பிறிது மொழிதல். ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்.’ மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். அவ்வளவுதான் குறள். எதைப் பற்றிச் சொல்கிறார் என்று ஒரு சொல் கூட இல்லை. பொருளையே தூக்கிவிட்டு உவமையை மட்டும் நிறுத்தியிருக்கிறார். அதிகாரத் தலைப்பு ‘வலியறிதல்’ என்று இருப்பதால்தான் பகைவரின் எண்ணிக்கையும் நம் வலிமையும் பற்றியது என்று பிடிபடுகிறது. தலைப்பை மறைத்துக்கொண்டு படித்தால் இதைக் கடனுக்கும் சொல்லலாம், வேலைச்சுமைக்கும் சொல்லலாம், படங்களால் நிரம்பி வழியும் கைபேசிக்கும் சொல்லலாம்.

நாம் பழமொழி பேசும்போதெல்லாம் செய்வது பிறிது மொழிதல்தான். ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்று சொல்கிறவர் முன்னால் ஆறும் இல்லை, குளமும் இல்லை.

ஜூன் 6

“இந்த ஏணியில் உள்ளுறை எங்கே?” என்று கேட்டிருக்கிறார் ஒருவர். உச்சியில். வெளியே வருணனையாகத் தெரிவதற்குள் வேறொரு பொருளை ஒளித்துவைப்பது உள்ளுறை. அதற்குக் குறுந்தொகையின் எட்டாம் பாட்டு போதும், ஆலங்குடி வங்கனார் எழுதியது. மொத்தம் ஆறே அடி:

கழனி மாஅத்து விளைந்துஉகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மில் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

பேசுபவள் பரத்தை, தலைவன் மனைவியை விட்டு நாடிப்போன பெண். தலைவி தன்னைப் பழித்துப் பேசினாள் என்று கேள்விப்பட்டு, தலைவியின் ஆட்கள் காதில் விழும்படி சொல்கிறாள். எங்கள் வீட்டில் பெரிய பேச்சு பேசியவன், தன் வீட்டுக்குப் போனதும், நாம் கையைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடிப் பிம்பம் போல, மகனைப் பெற்றவள் விரும்பியதை எல்லாம் செய்கிறானாம். ஆடிப் பாவை வெளிப்படையான உவமை. ‘போல’ சகிதம் வந்து நிற்கிறது. மனைவி என்று கூடச் சொல்லாமல் ‘புதல்வன் தாய்’ என்கிறாளே, அந்தக் குத்தலுக்கு எந்த அணிப் பெயரும் வேண்டாம்.

இப்போது முதல் இரண்டு அடிகள். வயலோர மாமரத்திலிருந்து பழுத்துத் தானாக விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊருக்குச் சொந்தக்காரன். ஊர் வருணனை என்று தாண்டிப் போய்விடலாம். மாணவனாக இருந்தபோது தாண்டித்தான் போனேன். ‘மருதத் திணையின் வளம்’ என்று ஒரு வரி எழுதினால் போதுமானதாக இருந்தது. ஆனால் மீன் மரமேறவில்லை, கல்லெறியவில்லை. பழம் தானாக விழுந்தது. நான் அவனை இழுத்துப் பிடித்தேன் என்றா பழிக்கிறாய் என்று தலைவியைக் கேட்கிறாள். இந்த வாதம் பாட்டில் எந்த அடியிலும் எழுதப்படவில்லை. ‘போல’ இல்லை, ஒப்பிடுகிறோம் என்ற சாயலே இல்லை. மரமும் மீனும் அவனுடைய ஊரைச் சுட்ட வந்த அடைமொழி என்று சாதிக்கலாம்.

தொல்காப்பியம் இதற்கு ஒரு வரம்பும் வைத்திருக்கிறது. உள்ளுறை கருப்பொருளில் இருந்துதான், அதாவது அந்தந்த நிலத்துக்குரிய தெய்வம், விலங்கு, பறவை, மரம் போன்றவற்றில் இருந்துதான் பிறக்க வேண்டும். கருப்பொருளில் தெய்வம் மட்டும் விலக்கு. அதனால் சங்கப் பாட்டில் ஒரு பறவையோ மீனோ காரணமில்லாமல் உள்ளே வந்தால் நின்று விசாரியுங்கள். பெயர் தெரிந்தவர் நிற்பார். தெரியாதவர் இயற்கை வருணனை என்று பாராட்டிவிட்டு நடப்பார். கேட்டீர்களே என்ன கிடைக்கும் என்று, இது கிடைக்கும்.

ஜூன் 6, கொஞ்ச நேரம் கழித்து

இறைச்சியையும் இதோடு சேர்த்துக் கேட்டிருக்கிறார்கள். உள்ளுறையில் பழம் யார், மீன் யார் என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் காட்டலாம். இறைச்சியில் அப்படி ஒன்றுக்கொன்று பொருத்த முடியாது. காட்சியின் புறத்தே ஒரு குறிப்பு மிதக்கும். உரையாசிரியர்களே ஒரே பாட்டை ஒருவர் உள்ளுறை என்றும் மற்றவர் இறைச்சி என்றும் கொள்வதுண்டு. எனவே தேர்வில் இல்லாவிட்டால் இதற்காக யாருடனும் சண்டைக்குப் போகாதீர்கள்.

ஜூன் 8

வழி மாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உவமை என்றதும் நினைவுக்கு வந்தது. குறுந்தொகையில் சில புலவர்களின் இயற்பெயர் நமக்கு வந்து சேரவில்லை. அவர்கள் சொன்ன உவமையே பெயராகிவிட்டது. ‘செம்புலப் பெயல்நீர் போல’ எழுதியவர் செம்புலப் பெயனீரார். ஈரம் காய்வதற்குள் உழ வேண்டும், இருப்பதோ ஒரே ஏர் என்று தவிக்கும் உழவனைக் காட்டியவர் ஓரேருழவர். குப்பை மேட்டில் விலக்கிவிட ஆளின்றிக் கோழிகள் தாமாகவே போட்டுக்கொள்ளும் சண்டையை எழுதியவர் குப்பைக் கோழியார். நற்றிணையில், இரண்டு யானைகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் பழைய கயிறு போல என் உடம்பு அறுந்துவிடுமோ என்று எழுதியவர் தேய்புரிப் பழங்கயிற்றினார்.

இந்த வழக்கம் இன்றும் தொடர்ந்தால் பாதிக் கவிஞர்களுக்கு நிலாமுகத்தார் என்று பெயர் வைக்க வேண்டியிருக்கும். மீதிப் பேர் மின்னல்வெட்டார்.

ஜூன் 9

“உங்கள் ‘விட்டுவைத்தல்’ ஏணியில் சிலேடை எங்கே நிற்கும்?” நல்ல கேள்வி. எங்கேயும் நிற்காது. சிலேடை எதையும் விடுவதில்லை. ஒரே சொல்லில் இரண்டைத் திணிக்கிறது. காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் சேர்த்து எழுதிய வெண்பா:

ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேயிரையும்
மூடித் திறக்கின் முகங்காட்டும் - ஓடிமண்டை
பற்றிற் பரபரெனும் பாரிற்பிண் ணாக்குமுண்டாம்
உற்றிடும்பாம் பெள்ளெனவே ஓது

பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகும். எள் செக்கில் ஆடி எண்ணெயாகிக் குடத்துக்குள் போகும். மூடியைத் திறந்தால் பாம்பு முகத்தைக் காட்டும். எண்ணெயோ பார்ப்பவர் முகத்தைக் காட்டும். ஒரே ‘முகம்’, ஆள் மட்டும் மாறுகிறார். ‘பிண்ணாக்கு’ என்பதை அப்படியே வைத்தால் எள்ளுக்கு, பிள் நாக்கு என்று பிளந்தால் பாம்புக்கு. பிளவுபட்ட நாக்கைச் சொல்லும் சொல்லையே பிளக்க வைத்திருக்கிறார். சொல்லைப் பிரிக்காமல் இரண்டு பொருள் வந்தால் செம்மொழிச் சிலேடை, பிரித்தால் பிரிமொழிச் சிலேடை. இந்த ஒரே வெண்பாவில் இரண்டுக்கும் சான்று எடுக்கலாம்.

தற்குறிப்பேற்றமும் என் ஏணிக்கு அடங்காது. அங்கே குறைப்பது இல்லை, ஏற்றுவது. ஆக என் வரிசை ஒப்புமை அணிகளுக்கு மட்டும் பொருந்தும். அதற்கு மேல் இழுத்தால் அச்சு முறியும்.

ஜூன் 9, இரவு

ஓசைக்கு வருவோம். மோனை முதல் எழுத்து ஒன்றுவது. எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றுவது. இயைபு அடியின் கடைசியில் ஒன்றுவது. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். எதுகையில் பலர் மறக்கும் நிபந்தனை ஒன்று இருக்கிறது. முதல் எழுத்துகளின் அளவு ஒத்திருக்க வேண்டும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். கட்டு, பட்டு எதுகை. பட்டு, பாட்டு எதுகை ஆகாது. வாய்விட்டுச் சொன்னால் காதே காட்டிக்கொடுத்துவிடும். மோனையில் இன எழுத்துகளும் செல்லும்: அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம், இ, ஈ, எ, ஏ ஒன்று, உ, ஊ, ஒ, ஓ ஒன்று. அதனால்தான் ‘அகர’வுக்கு ‘ஆதி’ மோனை.

இதெல்லாம் புலவர்கள் கண்டுபிடித்துப் பேச்சுக்குக் கொடுத்தது என்று நினைக்க வேண்டாம். அக்கம் பக்கம், தட்டுமுட்டு, அரக்கப் பரக்க, ஏட்டிக்குப் போட்டி, ஏறுக்கு மாறு, எக்கச்சக்கம்: எல்லாம் எதுகை. கண்ணும் கருத்தும், கள்ளம் கபடம், ஆதி அந்தம், ஈவு இரக்கம்: எல்லாம் மோனை. கடைசி இரண்டில் குறிலும் நெடிலும் கலந்து வருவதைக் கவனியுங்கள். எதுகை இணைகளில் அது நடக்கவில்லை. ஒரு நாள் முழுக்க யாப்புப் புத்தகத்தைத் திறக்காதவர்கள் கூட விதியை மீறாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வெண்பா எழுதிப் பழகிய காலத்தில் எனக்கு எதுகைதான் எமன். முதல் அடி நன்றாக அமையும். இரண்டாம் அடிக்கு எதுகை தேடிப் போனால், கிடைக்கும் சொல்லுக்கு ஏற்றபடி கருத்து வளையும். தென்றலில் தொடங்கியவன் கன்றுக்குட்டியில் முடித்திருக்கிறேன், பாட்டில் மாடே கிடையாது. ‘கற்க’ என்று தொடங்கி ‘நிற்க’ என்று இறங்கும் குறளில், எதுகைக்காக வந்த சொல் என்று எதையாவது சுட்டிக்காட்ட முடிகிறதா பாருங்கள். கருத்துக்கு வேண்டிய இரண்டு வினைகளும் ஓசையிலும் ஒத்துப்போகின்றன. அது வாய்க்கிறவர்களுக்கு வாய்க்கிறது.

ஜூன் 10

அந்தாதி பற்றிக் கேட்டவருக்கு: ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் தொடக்கம். அபிராமி அந்தாதியில் நூறாம் பாட்டு ‘உதிக்கின்றவே’ என்று முடிந்து, முதல் பாட்டின் ‘உதிக்கின்ற’ என்பதோடு போய்ச் சேரும். பாராயணம் செய்கிறவருக்கு அடுத்த பாட்டு மறக்காது. நடுவிலிருந்து ஒன்றைச் சொல்லச் சொன்னால்தான் திணறுவார்.

ஜூன் 12

“படிமம், குறியீடு புதுக்கவிதைக்காரர்கள் கொண்டுவந்தவை; பழைய அணிகளோடு கலக்காதீர்கள்” என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். பெயர்கள் பின்னால் வந்தவை என்பது சரி. பொருள் பின்னால் வந்ததல்ல.

குறுந்தொகை 41: ‘மக்கள் போகிய அணிலாடு முன்றில் புலப்பில் போல.’ தலைவன் பிரிந்த நாளில், ஆட்கள் விட்டுப்போன வீட்டைப் போல நான் பொலிவிழந்து வருந்துகிறேன் என்கிறாள் தலைவி. ‘போல’ இருப்பதால் உவமை. அந்த ‘போல’வை அழித்துப் பாருங்கள். ஆளில்லாத முற்றம் இருக்கிறது, அதில் அணில் விளையாடுகிறது. படம் அப்படியே நிற்கிறது. அதுதான் படிமம். உவமை என்பது இரண்டு பொருள்களைக் கட்டும் முடிச்சு. படிமம் என்பது கண்ணில் தெரிவது. ஒரே அடியில் இரண்டும் இருக்கலாம், போட்டி இல்லை. ‘மதிமுகம்’ உவமைதான், ஆனால் கேட்டுக் கேட்டுத் தேய்ந்ததில் அதற்குள் இப்போது யாரும் நிலாவைப் பார்ப்பதில்லை. உவமை இருக்கிறது, படிமம் போய்விட்டது.

குறியீட்டுக்கு நான் வைத்திருக்கும் கைக்கணக்கு: ஒரு கவிதையில் ஒரு முறை வந்து கண்ணில் நிற்பது படிமம். திரும்பத் திரும்ப வந்து, வரும்போதெல்லாம் பொருள் கூடிக்கொண்டே போவது குறியீடு. சிலப்பதிகாரத்துச் சிலம்பு முதலில் வெறும் நகை. அப்புறம் விற்கப் போகும் முதல். அப்புறம் திருட்டுப் பொருள். அப்புறம் சாட்சி. சிலம்பு மாறவில்லை, கதை அதன் மேல் ஏறிக்கொண்டே போகிறது.

ஜூன் 12, இரவு

அங்கதத்தையும் மேற்கிலிருந்து வந்தது என்று அதே நண்பர் எழுதியிருக்கிறார். தொல்காப்பியச் செய்யுளியலில் அங்கதம் இரண்டு வகை என்றே இருக்கிறது: செம்பொருள், கரந்தது. நேராகத் திட்டுவது, மறைத்துத் திட்டுவது. மறைத்துத் திட்டுவதில் ஔவையை மிஞ்ச ஆளில்லை. புறநானூறு 95-இல், அதியமானுக்குப் பகைவனான தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்துவிட்டு, இவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலில் இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்டவன் உடனே சிரித்திருப்பான், இராத்திரிதான் உறைத்திருக்கும். அணி நூல்படி இது வஞ்சப்புகழ்ச்சி, புகழ்வதுபோலப் பழிப்பது. கயவரைத் ‘தேவர் அனையர்’ என்று குறள் சொல்வதும் அதுவே. இருவரும் நினைத்ததைச் செய்து திரிகிறவர்களாம்.

ஜூன் 15

அக்கா மகள் இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு, “மாமா, எந்த அணியும் இல்லாத கவிதை கிடையாதா?” என்று கேட்டாள். உண்டு, அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அணி இலக்கண நூலான தண்டியலங்காரத்தின் 35 பொருளணிகளில் முதலாவது தன்மை. உள்ளதை உள்ளபடி சொல்வது. உவமை இரண்டாவதுதான்.

வகுப்பில் காட்டும் சான்று சிலப்பதிகாரத்து வழக்குரை காதையின் இறுதியில் வரும் வெண்பா:

மெய்யில் பொடியும் விரித்த கருங்குழலும்
கையில் தனிச்சிலம்பும் கண்ணீரும் - வையைக்கோன்
கண்டளவே தோற்றான்அக் காரிகைதன் சொற்செவியில்
உண்டளவே தோற்றான் உயிர்

உடம்பில் புழுதி, அவிழ்ந்த கூந்தல், கையில் சிலம்பு, கண்ணீர். எதுவும் எதைப் போலவும் இல்லை. “இதில் சொல்லாமல் விட்டது எது?” என்று என் கேள்வியையே என்னிடம் திருப்பினாள். ‘தனிச்சிலம்பு’ என்பதில் ‘தனி’யைப் பார்க்கச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “இன்னொன்று அரண்மனையில் இருக்கிறது” என்றாள். பொருத்தம் பத்தியில் இதை எழுதினால் மதிப்பெண் வருமா என்றும் கேட்டாள். திருத்துகிறவரைப் பொறுத்தது என்றேன்.